கவிழ்கலம் என்னும் உவமம்

தொழில் முயற்சியொன்று நலிந்து வீழுங்கால் அதனை 'மூழ்கும் கப்பல்' என்று கூறுதல் இக்காலத் தமிழில் பெருவழக்காயிற்று. ஆலையும் வாணிக நிலையமும் அரசியற் கட்சியும் இவ்வுவமைக்கு இலக்காகின்றன. மாணவர் குறைந்த கல்லூரித் துறைகளும் இதற்குத் தப்பவில்லை. நாள்தோறும் கேட்கப்படும் உவமை ஆராயப்படுவதில்லை. அது கூறுவதனையெல்லாம் உண்மையென்றே செவி ஏற்றுக்கொள்கிறது. எனவே இவ்வுவமையைத் தமிழ் மரபின் நடுவே வைத்து, அது எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்று தெளிய முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதுபற்றி இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. இஃது ஆங்கிலத்திலிருந்து வந்த இரவல் உவமை, தமிழுக்கு வேண்டுவதன்று என்பர் ஒரு சாரார். திரைகடலோடிய தமிழர்க்குக் கலங்கவிழ்தல் புதிதன்று, ஆதலின் உவமையும் நம்முடையதே என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. கவிழ்ந்த கலம் நம்முடையது. ஆனால் அதனை இன்று நாம் ஆளும் முறை நம்முடையதன்று. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று, பொறுப்பைப் பற்றியது என்பதே எம் கருத்து. அதனைப் பின்வருமாறு நிறுவுவாம்.

1. உவமத்தின் நிலைக்களன்

தொல்காப்பியர் உவமவியலில், உவமம் தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். ஒரு பொருள் செய்யும் தொழில், அதனால் விளையும் பயன், அதன் வடிவு, அதன் நிறம் என்பன அவை. எல்லா உவமைகளும் இந்நான்கனுள் ஒன்றையோ பலவற்றையோ பற்றி நிற்கும். அணியிலக்கணத்தார் உருவகத்தைப் பலவாகப் பகுத்தவிடத்து, ஏகதேச உருவகம் என்பதனையும் ஒரு வகையாகக் கொண்டனர். தொடர்புடைய பொருள்களுள் ஒருபகுதியை உருவகஞ்செய்து, எஞ்சியவற்றைக் கூறாது விடுதல் அதன் இலக்கணம். கூறாது விடப்பட்டதனைக் கற்பார் உய்த்துணர்ந்து நிரப்பிக்கொள்வர். அவ்வாறு நிரப்புதற்கு வேண்டிய குறிப்பு செய்யுளிலேயே அமைந்திருத்தல் வேண்டும். குறிப்பு இல்லையாயின் ஏகதேச உருவகம் குறையுருவகமாய் முடியும்.

நலிந்த நிறுவனத்தை 'மூழ்கும் கப்பல்' என்னுங்கால் உருவகஞ் செய்யப்பட்டது கலம் ஒன்றே. கடல் எது, பாறை எது, மீகாமன் யார், சரக்கு யாருடையது, படகு யாருக்குக் கிடைத்தது என்பன கூறப்படுவதில்லை. அவற்றை உய்த்துணர்தற்கு அச்சொற்றொடரில் யாதொரு குறிப்பும் இல்லை. தாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பெருவடிவின் தோற்றம் மட்டுமே நம் கண்முன் நிற்கிறது. எனவே இது மெய் பற்றி எழுந்த உவமமே யாகும். பண்டைப் புலவர் இதே கலத்தை வினையும் பயனும் பற்றி எவ்வாறு ஆண்டனர் என்பதனை இனிக் காண்போம்.

2. பாறை கூறும் உருவகங்கள்

திருக்குறளில் இரவச்சம் என்னும் அதிகாரத்தில் (107), இரத்தலை ஒரு தோணியாகவும், உள்ளதனை ஒளித்தலாகிய கரவினை வன்னிலமாகவும் வள்ளுவர் உருவகஞ் செய்தார். பாதுகாப்பற்ற அத்தோணி அவ்வன்னிலத்தில் மோதிப் பிளக்கும் என்பது குறட்கருத்து. கடல் இன்னதென்று வள்ளுவர் கூறவில்லை. பரிமேலழகர் வறுமையைக் கடலாக வருவித்து உரை செய்தார். உரையாசிரியர் தம் விருப்பிற்கேற்ப வருவித்ததன்று அது. அதிகாரப் பொருளும் குறளின் சொற்களும் அவரை அவ்விடத்திற்கு இட்டுச் செல்கின்றன. ஏகதேச உருவகம் நிறைவுறும் முறை இதுவாகும்.

வீழும் முயற்சியொன்றை உடையும் கலத்தோடு பொருத்திக் கூறும் உருவகத்திற்கு இக்குறள் நம் இலக்கியத்தில் ஒரு சிறந்த சான்று. இதன்கண் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. தோணி தொடக்கத்திலேயே காப்பில்லாதது என்பது ஒன்று. அதனைப் பிளந்தது இன்ன பொருள் என்பது மற்றொன்று. கலத்தின் குறையும் கூறப்பட்டது, மோதிய பாறையும் கூறப்பட்டது. குற்றம் இரப்பவனிடத்து மட்டும் நில்லாமல், கரப்பவனிடத்தும் சென்று சேர்கிறது. ஈரடிச் செய்யுள் ஒன்றனுள் பொறுப்பு இருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டமை நோக்கி மகிழ்தற்குரியது.

நாவுக்கரசர் நான்காம் திருமுறைத் திருவொற்றியூர்ப் பதிகம் ஒன்றில் இதனினும் விரிந்த உருவகம் ஒன்றை அமைத்தார். மனம் தோணி, அறிவு அதனை உந்தும் கோல், ஏற்றிய சரக்குச் சினம், மோதுவது காமமாகிய பாறை. கலம் மறியும் அவ்வேளையில் இறைவனை நினையும் உணர்வை வேண்டுகிறார் அடிகள். கடற்கரைத் தலமாகிய ஒற்றியூரில் இவ்வுருவகம் பிறந்தமை பொருத்தமே. இங்கே சரக்கும் ஓர் உறுப்பாய் வந்தமை புதுமை. எடுத்துச் செல்லத் தகாத சரக்கை ஏற்றிய தோணி, பாறைக்கு முன்னரே பாதி கெட்டது என்பது குறிப்பு.

வள்ளுவர் உலகியல் பற்றிப் பேசினார். நாவுக்கரசர் அகவாழ்வு பற்றிப் பேசினார். எனினும் இருவர் கலங்களும் காரணமின்றிக் கவிழவில்லை. பாறை கூறாமல் கலத்தை உடைத்தல் இவ்விரு பெரியோர்க்கும் உடன்பாடன்று.

3. யானையும் நாவாயும்

சங்கச் செய்யுட்களில் நாவாய் பெரும்பாலும் யானைக்கு உவமையாய் வரும். புறநானூற்றுப் பதின்மூன்றாம் பாட்டில், மதங்கொண்ட யானைமேல் கருவூர்ப்புறத்தே வந்துவிட்ட சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் காண்கிறார். கடலிற் செல்லும் நாவாய் போல அவ்யானை தோன்றுகிறது. பாகர் அடக்கவொண்ணாத அக்களிற்றின் மேலிருந்தவன் பகைநிலத்தினின்று நோயின்றி மீள்க என்று புலவர் வேண்டுகிறார். ஓட்டுவார் கையை மீறிய ஊர்தியைக் கண்டவிடத்து, அதன்மேல் இருப்பவன் உயிரைப் பற்றிய கவலையே புலவர் நெஞ்சில் முந்துகிறது.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் இவ்வுவமை முழுவளர்ச்சி பெற்றது. கடுங்காற்று எழுகிறது, இறுகப் பிணித்த கயிறு அறுகிறது, பாய் கிழிகிறது, கூம்பு அடியோடு முறிகிறது, நாவாய் பாறையில் மோதிச் சுழியில் அகப்படுகிறது. இவ்வளவும் ஒரு மதயானைக்கு உவமை. அவ்யானையோ கோலேந்தியவரைக் கொன்று, மேலிருந்தவரை வீசி, தளையை மதியாது, கட்டுத்தறியை நீத்துத் திரிகிறது. உறுப்புக்கு உறுப்பு ஒப்பு நோக்குக. கயிறு தளைக்கு நேர். கூம்பு கட்டுத்தறிக்கு நேர். காற்று மதத்திற்கு நேர். மணிமேகலையில் பளிக்கறை புக்க காதையில் சாத்தனாரும் இவ்வுவமையை எடுத்தாண்டார். காலவேகம் என்னும் பட்டத்து யானை மதங்கொண்டு புகார் வீதிகளில் திரிந்ததற்குப் புயலிற்பட்ட வங்கத்தை உவமித்தவர், மீகாமன் நடுங்குதலையும் சேர்த்துக் கூறினார். நடுங்கும் மீகாமன் செயலற்ற பாகர்க்கு நேராயினான்.

இவ்வுவமைகளில் கலம் இன்னும் மூழ்கவில்லை என்பது கருதத்தக்கது. புலவர் கண் நீர்மட்டத்தை நோக்காமல் கயிற்றை நோக்குகிறது. எது அறுந்தது, எது முறிந்தது, யார் கை தளர்ந்தது என்னும் வரிசையில் காட்சி நகர்கிறது. மேனாட்டு அறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில், சுக்கானுக்காக மாலுமிகள் தம்முட் பூசலிடும் கலம் ஒன்றைக் காட்டி ஆட்சி முறையை விளக்கினார். அங்கும் கலம் மூழ்குதல் பேச்சன்று. ஓட்டும் கை எது என்பதே பேச்சு. நம் நாட்டு மக்கள் இதனை 'ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி' என்று ஒரு பழமொழியில் அடக்கிவிட்டனர். ஓட்டையும் கூறப்பட்டது, மாலுமிகளின் மிகையும் கூறப்பட்டது.

பதிற்றுப்பத்தின் எழுபத்தாறாம் பாட்டு இவ்வுவமைத் தொடருக்கு ஓர் அரிய முடிவு தருகிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில் கிழார், போர் முடிந்தபின் தன் யானைகளின் புண்ணை ஆற்றித் துயர் தீர்த்த அரசனுக்கு, பெருங்கடலை நீந்தி வந்த மரக்கலத்தை மீண்டும் வலியுறச் செய்யும் வணிகரை உவமை கூறினார். யானைக்கு நாவாய் உவமையாகும் மரபு இங்கும் உள்ளது. ஆனால் மதமும் புயலும் நீங்கி, மருத்துவமும் பழுதுபார்ப்பும் அவ்விடத்தைப் பெற்றன. கலம் நைந்தது என்றவுடன் அதனை விட்டு நீங்குக என்று கூறாமல், அதனை வலியுறுத்துக என்று கூறும் உவமை இது. வாணிகம் செய்வார் செயலாகவே இது கூறப்பட்டமையின், தொழில் முயற்சிகளைப் பற்றிப் பேசும் நமக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. இக்காலப் பேச்சு வழக்கில் இவ்வுவமைக்கு இணையான ஒன்று இல்லை என்பது வருந்தத்தக்கது.

4. பலகையும் பாய்மரமும்

கலம் உடைந்தபின் மாந்தர் நிலை யாது? இதற்கும் நம் புலவர் விடை கூறினர். நற்றிணை முப்பதாம் பாட்டில் தோழி தலைவனை நோக்கிப் பேசுகிறாள். பரத்தையர் பலர் தலைவனைச் சூழ்ந்து பற்றி ஈர்த்ததற்கு, கடலிற் கலம் கவிழ்ந்தபொழுது அதிலிருந்தோர் பலரும் ஒரு பலகையைப் பற்றி ஈர்த்தலை உவமை கூறுகிறாள். மருதத்திணையின் ஊடற் பேச்சிற்கு நெய்தலின் பேரழிவு உவமையாக வந்தது. உவமையின் நிலைக்களன் ஈர்த்தலாகிய வினையே. பலகை ஒன்று, பற்றுவோர் பலர். ஈர்க்குந்தோறும் அது யாருக்கும் பயன்படாமற் போகும் அச்சம் மிகுகிறது.

தொழில் முயற்சியொன்று வீழ்ந்தபின் நிகழ்வது இதுவே யன்றோ? கடன் கொடுத்தோர், வைப்புத்தொகை இட்டோர், கூலி பெறாத தொழிலாளர் அனைவரும் எஞ்சிய சொத்தாகிய பலகையைப் பற்றி நிற்பர். நிதி நிறுவனங்கள் பல தமிழ்நாட்டில் வீழ்ந்த 1990ஆம் ஆண்டுகளில், அவற்றின் சொத்துகளைக் கைப்பற்றி வைப்பீட்டாளர்க்குப் பகிர்ந்தளித்தற்கென 1997இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பலகையை யார் எவ்வளவு பற்றுவது என்று வரையறுக்கும் முயற்சியே அச்சட்டம் என்று கூறினும் அமையும். நற்றிணைப் புலவரின் பார்வை இந்நடைமுறைக்கு மிக அணித்தே நிற்கிறது.

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை மற்றொரு கோணத்தைக் காட்டும். சாதுவன் கணிகையிடத்தும் சூதினும் பொருளிழந்தவன்; இழந்ததனை மீட்க வணிகரொடு கலமேறினான். புயலில் கலம் உடைந்தது. முறிந்த மரத்தைப் பற்றி அவன் நாகர் வாழும் மலைக்கரை சேர்ந்தான். உயிர்தப்பிப் புகார் மீண்ட சிலரோ, இறந்தாருள் சாதுவனும் ஒருவன் என்று ஊரில் உரைத்துவிட்டனர். அதனை மெய்யென நம்பிய ஆதிரை தீப்புகத் துணிந்தாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிருடன் உளன் என்று வானுரை தெளிவித்தது. பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் வங்கத்தில் சாதுவன் மீண்டான்.

இக்கதையில் இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்கு உதவும். கலம் கெட்டதும் அதிலிருந்தவன் கெட்டதும் ஒன்றெனக் கருதியது ஊராரின் பிழை. அப்பிழை ஓருயிரைத் தீயின் வாயில்வரை கொண்டு சென்றது. மற்றொன்று, கரைசேர்ந்த சாதுவன் நாகர் தலைவனிடம் வேண்டியது. கலமுடைந்து இக்கரை சேரும் மாந்தரைக் கொல்லாது அவர் உயிரைக் காத்தல் வேண்டும் என்று அவன் அறமுரைத்தான். தான் தப்பியதோடு அமையாமல், இனி வரக்கூடிய உடைகல மாந்தர்க்கும் ஒரு கரையை அவன் உண்டாக்கினான். வீழ்ந்த முயற்சியினின்று தப்பியவன் செய்யத்தக்கது இன்னதென்று இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

5. கவிழாத கலம்

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் ஒரு விந்தையான கலங்கவிழ்ச்சி உண்டு. பொருளீட்டி மீளும் சீதத்தன் என்னும் வணிகனின் கலம் புயலிற்பட்டு அழிகிறது. அவன் மரத்துண்டு ஒன்றைப் பற்றிக் கரை சேர்கிறான். ஆனால் அப்புயலும் அழிவும் விஞ்சையனாகிய தரன் காட்டிய மாயமே. சீதத்தனை வெள்ளிமலைக்கு அழைத்துச் செல்லுதற்கு அது செய்யப்பட்டது. பின்னர் கலமும் உடன்வந்தோரும் பழுதின்றி இருத்தல் அவனுக்குக் காட்டப்படுகிறது. கலம் மூழ்கிற்று என்று கண்டவன் கண்ணே அவனை வஞ்சித்தது. கவிழ்ச்சியைக் காட்டியவனுக்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது என்பது இக்கதையின் உயிர். தேவர் இதனைக் கதைநிகழ்ச்சியாகவே கூறினார்; யாம் இதனை உவமைகளை ஆராய்தற்கு ஓர் அளவுகோலாகக் கொள்கிறோம். 'மூழ்கிற்று' என்று ஒருவர் கூறுமிடத்து, கலம் உண்மையில் மூழ்கிற்றா, மூழ்கிற்று என்று காட்டியவர் யார் என்னும் வினாக்கள் எழுதல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டு வரலாற்றில் உண்மையாகவே கப்பல்களைப் பற்றிய ஒரு தொழில் முயற்சியை நோக்குவாம். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று அமைத்த சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராய் விளங்கினார் என்பது தமிழ் கற்பார் மறத்தற்கரிய செய்தி. 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ஆங்கிலேயரின் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச் 12இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். சூலை 7இல் நீதிபதி பின்ஹே இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தார். தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலையடைந்தார். அதற்கு முன்னரே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

இதனை 'மூழ்கிய கப்பல்' என்று கூறுதல் பொருந்துமா? காலியாவும் லாவோவும் கடலில் மூழ்கவில்லை. கட்டணப் போட்டி ஒரு பாறை, அரசின் அடக்குமுறை மற்றொரு பாறை, மீகாமன் சிறையிலிருந்தான். மதுரைக்காஞ்சிப் புலவர் முறையில் கூறின், கயிறு தானே அறவில்லை, அறுக்கப்பட்டது. இம்முயற்சியை மூழ்கும் கப்பல் என்று ஒருவர் உருவகஞ் செய்வாராயின், அறுத்த கை அவ்வுருவகத்தால் மறைந்துவிடும்.

தமிழ் மக்கள் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் சிதம்பரம் பிள்ளைக்கு வழங்கிய பெயர் 'கப்பலோட்டிய தமிழன்' என்பது. ம. பொ. சிவஞானம் எழுதிய வரலாற்று நூலும், 1961இல் வெளிவந்த திரைப்படமும் அப்பெயரை எங்கும் பரப்பின. இப்பெயரின் இலக்கணத்தை நோக்குக. 'ஓடு' என்பது தன்வினை. 'ஓட்டு' என்பது பிறவினை. 'ஓட்டிய' என்னும் எச்சம் செய்தவனை வேண்டி நிற்கும்; அவனின்றி அச்சொல் நிரம்பாது. 'மூழ்கும்' என்பதோ தன்வினை. கலம் தானே மூழ்கும். மூழ்குவித்தவன் அச்சொல்லினுள் இல்லை. மேலும் அது செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். நீர் ஓடும், தீச் சுடும் என்பன போல இயற்கை நியதியின் சாயல் அதற்கு உண்டு. தொழில் அளவில் ஐந்தாண்டுகளிற் கலைந்துபோன ஒரு முயற்சியை, அதன் முடிவால் நினையாமல் அதனைச் செய்தவன் செயலால் நினைத்த இப்பெயர், எம் கருத்தில், நம் மரபின் கலவுவமைகளோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது.

சிறையினின்று மீண்ட அப்பெரியார் மீண்டும் கப்பல் வாங்கவில்லை. ஆயினும் திருக்குறள் மணக்குடவர் உரையை 1917இல் அறத்துப்பால் அளவில் வெளியிட்டார். தொல்காப்பிய இளம்பூரணப் பதிப்பிலும் உழைத்தார். உவமவியலையும் இரவச்சத்தையும் இன்று நாம் ஆராய்கின்றோம் எனின், அதற்குரிய உரைச்செல்வத்தைக் காத்தாருள் கப்பலோட்டியவரும் ஒருவர் என்பதனை நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

6. இக்கால வழக்கு

சங்கச் செய்யுட்களில் 'படப்பை' என்னும் சொல் மனையையும் ஊரையும் சார்ந்த தோட்டநிலத்தைக் குறிக்கும். அச்சொல்லையே பெயராகக் கொண்ட ஊரொன்று தாம்பரத்திற்குத் தென்மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. கடல் அவ்வூரை அடுத்து இல்லை. ஏரிநீர் பாயும் உள்நாட்டு நிலம் அது. ஒரகடமும் திருப்பெரும்புதூரும் தொழிற்பகுதிகளாக வளர்ந்தபின், அவ்வட்டாரத்தின் வாழ்வு ஆலைகளோடு பிணைந்தது. கலமேறியறியாத இத்தகைய ஊர்களில்தான் இன்று கப்பல் உவமைகள் மிகுதியும் பொருள்படுகின்றன. ஏனெனின், உவமைக்கு இலக்காகும் ஆலைகள் அங்கேயுள்ளன.

திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தது. 2011 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர் ஸ்டீபன் ஈலோப் தம் ஊழியர்க்கு ஒரு மடல் விடுத்தார். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையொன்று தீப்பற்றியதாகவும், அதன்மேல் நின்ற ஒருவன் எரிவதினும் மேலென்று குளிர்கடலிற் குதித்துப் பிழைத்ததாகவும் கூறி, தம் நிறுவனமும் அத்தகைய எரியும் மேடையில் நிற்கிறது என்றார். தீயில் எண்ணெய் ஊற்றியதில் நிறுவனத்திற்கும் பங்குண்டு என்பதனையும் அம்மடல் ஒப்புக்கொண்டது. அவ்வளவில் அது பாறை கூறும் உருவகமே. அதனை மறுத்தல் நேர்மையன்று.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. குதித்தவன் ஒருவன், மேடைமேல் நின்றோரோ பலர். அனைவர்க்கும் கடல் ஒரேயளவு குளிர்ந்ததன்று. மீட்கும் படகும் அனைவரையும் ஒருங்கே அணுகுவதில்லை. நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டின் கைக்கு மாறியபொழுது, வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அங்கு உற்பத்தி நின்றது. உவமை தலைமையகத்தில் பிறந்தது. அதன் கடல் எங்கெங்கே எத்தகையது என்பதனை உவமை கூறவில்லை. பின்னர் 2019இல் சால்காம்ப் என்னும் நிறுவனம் அவ்வாலையை வாங்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டு, தொழில் அங்கே மீண்டும் நடைபெறலாயிற்று. கட்டடமாகிய கலம் அழியவில்லை. இடையில் வேலையிழந்தோர் கடந்த ஆண்டுகளே அழிந்தன. சாதுவன் கதையில் ஊரார் செய்த பிழையின் மறுதலையை இங்கே காண்கிறோம். அங்கே கலம் கெட்டதனால் மனிதனும் கெட்டான் என்றனர். இங்கே கலம் பிழைத்ததனால் மனிதரும் பிழைத்தனர் என்று கருதிவிடல் கூடும்.

மூழ்கும் கப்பலைக் கூறுவார் பலர் அதனோடு எலிகளையும் சேர்த்துக் கூறுவர். கலம் மூழ்குமுன் எலிகள் ஓடிவிடும் என்பது ஆங்கில வழக்கு. பண்டைத் தமிழ்க் கலவுவமைகளில் அதனை யாம் கண்டிலேம். இரவல் என்பதனால் மட்டும் இதனை விலக்க வேண்டுவதில்லை. இதன் தீங்கு வேறு. நிறுவனம் நலிந்தவிடத்து முதலில் வேலை துறப்பவன் பெரும்பாலும் மாதக்கூலியை நம்பி வாழும் எளியவன். அவனை எலி என்று இகழும் உவமை, கலத்தைப் பாறைமேற் செலுத்தியவனைப் பற்றி வாய்திறப்பதில்லை. பலகையைப் பற்றி ஈர்ப்போரை நற்றிணைப் புலவர் இகழவில்லை. கலங்கி நீரில் வீழ்ந்தோர் என்றே கூறினார்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். அழிவு நேருங்கால் விரைந்து எச்சரித்தலே உவமையின் பயன். பாறை எது, கயிறு எது என்று ஆராய்ந்துகொண்டிருப்பின் அனைவரும் அமிழ்வர் என்பது அது. எச்சரிக்கை வேண்டுவதே, ஆனால் எச்சரிக்கையும் விளக்கமும் வேறு. 'கப்பல் மூழ்குகிறது' என்பது கடலில் எச்சரிக்கை. முயற்சி வீழ்ந்தபின் அதனையே காரணமாகவும் கூறுதல் பிழை. உண்மையாக மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பற்றி 1912இல் நடந்த விசாரணைகள் அதன் வேகத்தையும் மீட்புப் படகுகளின் போதாமையையும் ஆராய்ந்தன. மூழ்கும் இயல்பினால் மூழ்கிற்று என்று கூறி அமையவில்லை. மெய்யான கப்பலுக்கு வேண்டப்பட்ட விசாரணை, உவமைக் கப்பலுக்கு வேண்டாவோ?

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. கவிழ்கலம் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய உவமப்பொருள். அவர்கள் அதனை வினையும் பயனும் பற்றி ஆண்டனர். எனவே காரணம், ஓட்டுவோர், தப்பியோர், பழுதுபார்த்தல் என்னும் நான்கும் அவ்வுவமைகளில் இடம்பெற்றன. இக்காலத்து 'மூழ்கும் கப்பல்' தாழும் வடிவின் தோற்றம் ஒன்றையே பற்றி நிற்கிறது. ஆதலின் பொறுப்புடையாரை மறைக்கும் கருவியாகவும் எளிதில் அமைகிறது. அவ்வுவமையைக் கேட்குமிடத்துக் கலத்தோடு பாறையையும் கேட்டறிதல் கற்றார் கடன்.

பொதுமக்கள் வழக்கில் இதற்குத் துணையாக ஒரு பழமொழி உண்டு. 'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே' என்பது அது. கன்னத்திற் கைவைத்தல் செயலொழிந்து காட்சியை நோக்கியிருப்பவன் மெய்ப்பாடு. கவிழ்ச்சியை இப்பழமொழி மறுக்கவில்லை. நோக்கியிருத்தலை மட்டுமே மறுக்கிறது. கை வேறொன்றிற்கு வேண்டும் என்பது அதன் குறிப்பு. அவ்வேறொன்று எது என்று அரிசில் கிழாரும் சாத்தனாரும் முன்னரே காட்டியுள்ளனர்.

நம் இலக்கியத்திலுள்ள கலவுவமைகள் அனைத்தையும் தொகுத்து, தொல்காப்பியர் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன்கீழ் வரிசைப்படுத்தும் பணி முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்கது. சங்கத்தொகை, காப்பியம், திருமுறை, பழமொழி, இக்காலச் செய்தித்தாள் என ஐந்திடத்தும் சான்றுகளைத் திரட்டின், எக்காலத்தில் பாறை உவமையினின்று நீங்கிற்று, ஓட்டுவோன் எப்பொழுது மறைந்தான் என்பன தெளிவாகும். யாம் ஈண்டுக் காட்டியவை சிலவே.